கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் பேர் தானாக மாறிவிடுமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். வயது 33. பிறந்த வீட்டுக் குடும்பப் பேர் கோவெண்டர். மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரரின் குடும்பப் பேர் பிள்ளை. கல்யாணத்தன்று ஐயர் ஒரு பெரிய புத்தகத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகு நான் எந்த ஆபீசுக்கும் போகவில்லை. அடையாள அட்டை, பாஸ்போர்ட் இரண்டுமே கோவெண்டர் பேரில்தான் இருக்கின்றன. வரும் தைப்பூசத்துக்கு மாமியாரோடும் ஒன்றரை வயது மகனோடும் பழனிக்குப் போகிறேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் டிக்கெட்டை அவர்தான் போட்டார், என் பேரைப் பிள்ளை என்று கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் மே மாதம் வரை இருக்கிறது. "புதுப் பேரில்தான் போகணும்" என்கிறார் மாமியார். "பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடு, சீக்கிரம் புதுசு வரும்" என்கிறான் சித்தி மகன். இது போதாதென்று அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் கோவெண்டர் இல்லை, கவுண்டன் என்று இருக்கிறது. பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

பதில்:

டிக்கெட்டை நினைத்துத்தான் ரொம்பக் கவலைப்படுகிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் மே மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் சிக்கல். இந்தியாவில் போய் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு குறைந்தது ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். முத்திரை குத்த இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அங்கிருந்து மே வரை எண்ணிப் பாருங்கள், ஆறு மாதம் எப்படியும் தேறாது. ஆக, பேரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் புது பாஸ்போர்ட் எடுத்தே ஆக வேண்டும். எந்தப் பேரில் எடுப்பது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

சித்தி மகன் சொன்ன யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். கையில் இருக்கிற பாஸ்போர்ட்டைத் தொலைந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பொய் வாக்குமூலம். ஆயுள் முடியப்போகிற பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகப் புதியது கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. உள்ளதைச் சொன்னாலே கிடைக்கிற ஒன்றுக்காக எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

நாம் எல்லோரும் "பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது" என்று பேச்சுக்குச் சொல்கிறோம். தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒன்று கிடையாது. பழைய புத்தகத்தில் தேதியை நீட்டித் தர மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் புது விண்ணப்பம், புது புத்தகம், புது எண். 16 வயது ஆனவர்களுக்கு 10 வருஷத்துக்குத் தருவார்கள். அதில் என்ன பேர் அச்சாக வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போது உங்களால் சொல்ல முடியாது, கவுண்டரில் இருப்பவராலும் முடியாது. ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை வைத்திருக்கும் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டில் உங்கள் 13 இலக்க அடையாள எண்ணுக்கு நேரே இன்றைக்கு என்ன குடும்பப் பேர் இருக்கிறதோ அதுதான் பாஸ்போர்ட்டில் வரும். பேர் மாறினாலும் எண் மாறாது. உங்கள் அட்டையில் கோவெண்டர் என்று இருப்பதால் பதிவேட்டிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அட்டை உங்கள் கல்யாணத்துக்கு முன் அச்சானது.

இப்போது மாமியார் விஷயத்துக்கு வருவோம். கல்யாணம் ஆன பெண் கணவர் பேரைப் போட்டே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. 1992ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 26ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். கல்யாணமான பெண் கணவர் பேரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்ட பிறகு பிடிக்காவிட்டால் முன்பு வைத்திருந்த பேருக்குத் திரும்பலாம். இரண்டையும் சேர்த்துக் கோவெண்டர்-பிள்ளை என்றும் வைத்துக்கொள்ளலாம். எதற்கும் காரணம் சொல்ல வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஹோம் அஃபேர்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னால் போதும். எல்லாமே "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் பிறந்த வீட்டுப் பேரிலேயே இருந்துவிட்டாலும் சட்டப்படி அது சரிதான். ஆகவே கல்யாணம் ஆகிவிட்டதால் உங்கள் கோவெண்டர் பாஸ்போர்ட் செல்லாமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

இந்த வசதியைச் சட்டம் பெண்களுக்கு மட்டுமே கொடுத்திருந்தது. மனைவி பேரை எடுத்துக்கொள்ள விரும்பிய கணவருக்கு இந்த வழி இல்லை. அது பாலினப் பாகுபாடு என்று 2025 செப்டம்பர் 11 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 24 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறது. மாமியாரிடம் இதை இப்போதைக்குச் சொல்லாமல் இருப்பது நல்லது.

சரி, உங்கள் பேர் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் கல்யாணம் பதிவாகியிருக்கிறதா? இதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். நம் ஆட்களில் நிறையப் பேருக்குத் தாலி கட்டி, அக்கினியைச் சுற்றி, 400 பேருக்குச் சாப்பாடு போட்டாகிவிட்டால் எல்லாம் முடிந்தது. சட்டத்தின் கணக்கு வேறு. இந்து முறைப்படி சடங்கு நடந்தது என்பதற்காக மட்டும் அதைப் பதிவேட்டில் ஏற்ற மாட்டார்கள். 1961ஆம் ஆண்டுக் கல்யாணச் சட்டப்படி, அரசு நியமித்த கல்யாண அதிகாரி ஒருவர் அதை நடத்திவைக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். வழிபாட்டு இடத்திலோ, அரசு அலுவலகத்திலோ, வீட்டிலோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆமாம், கதவு திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நம் ஐயர்களில் அப்படி நியமனம் பெற்றவர்கள் உண்டு, பெறாதவர்களும் உண்டு.

பெரிய புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. அதோடு கையால் நிரப்பிய ஒரு சான்றிதழை அன்றைக்கே உங்களிடம் கொடுத்திருக்க வேண்டும். அநேகமாக அது கல்யாண ஆல்பத்துக்குள்ளோ, புடவைப் பெட்டிக்குள்ளோ, மாமியாரின் அலமாரியிலோ இருக்கும். தேடிப் பாருங்கள். கூடவே கைபேசியில் எம் என்ற ஆங்கில எழுத்தையும் உங்கள் அடையாள எண்ணையும் 32551க்கு அனுப்பினால், பதிவேட்டின்படி உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று பதில் வரும். இது ஐந்து நிமிஷ வேலை, இன்றைக்கே செய்துவிடுங்கள்.

ஆகவில்லை என்று பதில் வந்தால் பதறாதீர்கள். ஐயர் புத்தகத்தை ஹோம் அஃபேர்ஸில் கொடுத்தாரா என்று விசாரியுங்கள். அது சரியாகும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் கோவெண்டர்தான். அந்தப் பேரிலேயே பாஸ்போர்ட் எடுத்துப் பழனிக்குப் போய்வாருங்கள், பதிவு வேலையைத் திரும்பி வந்து பார்க்கலாம்.

ஆகியிருக்கிறது என்று வந்தால் பதிவேட்டில் என்ன பேர் இருக்கிறது என்று நேரில் கேட்டுவிட வேண்டும். அதில் பிள்ளை என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கல்யாணத்தைக் கணினியில் ஏற்றும்போது தங்களைக் கேட்காமலே பேரை மாற்றிவிட்டார்கள் என்று பெண்கள் புகார் சொன்னது செய்திகளிலும் வந்திருக்கிறது. உங்களுக்கு அதில் சம்மதம் என்றால் வேலை மிச்சம். புது அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒன்றாகவே விண்ணப்பித்துவிடுங்கள், இரண்டும் பிள்ளை என்று வரும். சம்மதம் இல்லை என்றால் பழைய பேருக்குத் திரும்ப அதே 26ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தத் திருத்தம் முடிந்த பிறகுதான் பாஸ்போர்ட்டுக்குப் போக முடியும். இவ்வளவு கிட்டத்தில் பயணம் இருக்கும்போது அதைத் தொடங்குவதா என்று யோசியுங்கள்.

பதிவேட்டில் இன்னும் கோவெண்டர் என்றே இருந்தால் என்ன செய்வது? இந்த இடத்தில் என் அபிப்பிராயம் மாமியாருக்குப் பிடிக்காது. கோவெண்டர் பேரிலேயே உடனே புது பாஸ்போர்ட் எடுங்கள். பேர் மாற்றத்தைப் பயணத்துக்கு முன் தொடாதீர்கள். பாஸ்போர்ட் மட்டும் என்றால் பொதுவாகச் சீக்கிரம் வந்துவிடும். பதிவேட்டில் பேரைத் திருத்துவது அப்படியில்லை. சிலருக்கு இரண்டு வாரத்தில் முடிகிறது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. அது பாதியில் நிற்கும்போது பாஸ்போர்ட்டுக்குப் போனால் அட்டையில் ஒரு பேரும் திரையில் இன்னொரு பேருமாக மாட்டிக்கொள்வீர்கள். பிற்பாடு பேரை மாற்றினால் இன்னொரு பாஸ்போர்ட்டுக்கு மறுபடி 600 ரேண்ட் கட்ட வேண்டியிருக்கும், உண்மைதான். மூன்று பேரின் விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

விண்ணப்பிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹோம் அஃபேர்ஸ் இணையத்தில் கணக்குத் தொடங்கிப் பணம் கட்டி, இந்த வசதி உள்ள வங்கிக் கிளை ஒன்றில் நேரம் வாங்கிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் நேராக அலுவலகத்துக்கே போகலாம், அங்கேயும் முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்ள முடியும். சாதாரணப் புத்தகம் 600 ரேண்ட், பக்கம் அதிகமுள்ளது 1,200. அடையாள அட்டை 140. போட்டோ கொண்டு போக வேண்டாம், அங்கேயே எடுப்பார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். போட்டோவும் கைரேகையும் எடுத்து முடித்ததும் உங்கள் விவரங்களைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். பின்னால் வரிசை நிற்கும், பையன் அழுதுகொண்டிருப்பான், கவுண்டரில் இருக்கும் அம்மா "எல்லாம் சரிதானே?" என்று கேட்பார். நாமும் தலையாட்டிவிடுவோம். அப்படிச் செய்யாமல் குடும்பப் பேரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முன்பேர்களையும் படியுங்கள். நம் பேர்களில் எச் எங்கே வரும், இரண்டு ஓவா ஒன்றா என்று வீட்டுக்கு வீடு வேறு. பிழை இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், புத்தகம் அச்சான பிறகு அது தனி வழக்கு. வாங்கப் போகும்போதும் நீங்களேதான் போக வேண்டும், கைரேகை பார்த்துத்தான் கொடுப்பார்கள். பழைய பாஸ்போர்ட்டில் வேறு நாட்டு விசா ஏதாவது உயிரோடு இருந்தால் அதைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கி வையுங்கள்.

இப்போது டிக்கெட். விமானத்தில் ஏற டிக்கெட்டில் உள்ள பேரும் கையில் உள்ள பாஸ்போர்ட்டின் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று நம்பிக் கவுண்டருக்குப் போக வேண்டாம். அது அங்கே நிற்பவரின் மனசைப் பொறுத்தது. எந்தப் பேரில் பாஸ்போர்ட் வரும் என்று தெரிந்த அன்றே டிக்கெட் வாங்கிய இடத்துக்கு எழுதுங்கள். கல்யாணத்தால் வந்த பேர் வித்தியாசம் என்று சான்றிதழ் நகலோடு கேட்டால் திருத்திக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. சில இடத்தில் கட்டணம் கேட்பார்கள், சில இடத்தில் ரத்து செய்துவிட்டு வேறு போடச் சொல்வார்கள். எப்படியானாலும் உங்கள் காகிதங்களில் பணம் கொடுத்து ஒரே நாளில் சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான். டிக்கெட்டுக்காகப் பேரை மாற்றுவது தலைகீழ் வேலை.

இந்திய விசாவுக்குப் புது பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு விண்ணப்பியுங்கள், அதற்கு முன் வேண்டாம். மின்விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. படிவத்தில் குடும்பப் பேர், முன்பேர் இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். "எப்போதாவது பேரை மாற்றியிருக்கிறீர்களா?" என்று ஒரு கட்டம் இருக்கும். பிள்ளை என்ற பேரில் போவதாக இருந்தால் அதில் ஆம் என்று குறித்துப் பழைய பேரையும் எழுதுங்கள். மறைக்க அதில் ஒன்றும் இல்லை. இறங்கும் நாளுக்கு நான்கு நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம் என்பார்கள். பையனை வைத்துக்கொண்டு அவ்வளவு நெருக்கத்தில் விட வேண்டாம்.

ஒருவேளை கோவெண்டர்-பிள்ளை என்று இரண்டையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால், திரும்பி வந்து செய்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்க இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் பேருக்கு மொத்தமே 39 இடம்தான். நடுவில் போடும் கோடு அங்கே வேறு குறியாக மாறிவிடும், டிக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு பேரும் ஒட்டி ஒரே சொல்லாகவே வரும். உங்களுடையது சின்னப் பேர், தப்பித்துவிடும். படையாச்சி-மூட்லி என்று இணைத்து, கூடவே மூன்று முன்பேரும் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பேர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். அது தவறு இல்லை, அந்த இரண்டு வரிக்கு உள்ள விதி அப்படி. ஆனால் ஒவ்வொரு விமான நிலையத்திலும் விளக்கம் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

அப்பாவின் சான்றிதழில் கவுண்டன் என்று இருப்பது உங்கள் பாஸ்போர்ட்டை எந்த விதத்திலும் பாதிக்காது. உங்கள் பதிவேட்டில் உங்கள் பேர் என்னவோ அதைத்தான் பார்ப்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை, கூலி வேலை ஒப்பந்தத்தில் வந்தவர்களைப் பேர், அப்பா பேர், சாதி, ஊர் என்று எழுதி ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பேர் என்ற வழக்கமே கிடையாது. பிற்பாடு பிள்ளைகளைப் பதியும்போது ஒருவருக்குச் சாதிப் பேர் குடும்பப் பேரானது, இன்னொருவருக்கு அப்பாவின் பேர். எழுதின குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுத்து. அதனால்தான் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் முனுசாமி, ஒருவர் நாயுடு என்று இன்றும் இருக்கிறார்கள். நாளைக்கு நீங்கள் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்தால் மட்டும் இது பெரிய விஷயமாகும். அப்போது இந்தியாவிலிருந்து வந்த முன்னோர்வரை ஒவ்வொரு தலைமுறைச் சான்றிதழும் அடுத்ததோடு சேர வேண்டும். கவுண்டனும் கோவெண்டரும் ஒரே குடும்பம் என்று காட்ட வேண்டியது அந்த இடத்தில்தான். அதற்காக அப்பாவின் பேரை இப்போது திருத்தப் போகாதீர்கள்.

பேர் மாற்றினால் வங்கி, ஓட்டுநர் உரிமம், வரி, மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். படிப்புச் சான்றிதழ்களை அப்படியே விட்டுவிடலாம், கல்யாணச் சான்றிதழ் கூட இருந்தால் போதும்.

பையனைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. உங்கள் பேரைவிட எனக்கு அவன் காகிதம்தான் கவலையாக இருக்கிறது. அவனுக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். அவன் வயதில் அது 5 வருஷத்துக்குத்தான் கிடைக்கும், விண்ணப்பத்துக்கு அப்பா, அம்மா இருவரின் சம்மதமும் தேவை. ஆகவே விண்ணப்பிக்கும் அன்றைக்காவது வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்தாக வேண்டும். அவர் கூட வராததால், குழந்தையை நீங்கள் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக அவருக்குச் சம்மதம் என்று ஒரு சத்தியப் பிரமாணக் கடிதமும் வேண்டும். அதில் பயணத் தேதி, போகும் இடம், அவரைத் தொடர்புகொள்ளும் எண் எல்லாம் இருக்கட்டும். காவல் நிலையத்தில் காசு வாங்காமல் முத்திரை போட்டுத் தருவார்கள், ஆனால் அங்கே அவர்கள் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டிலேயே போட்டு எடுத்துப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அவருடைய அடையாள அட்டை நகலை அதோடு இணைத்துவிடுங்கள். குழந்தையின் முழுப் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் அம்மா பேர் கோவெண்டர் என்று இருக்கலாம். நீங்கள் பிள்ளை என்ற பேரில் போனால், அந்த அம்மாவும் நீங்களும் ஒரே ஆள் என்று காட்டக் கல்யாணச் சான்றிதழும் வேண்டும். கோவெண்டர் பேரிலேயே போனால் உங்கள் பாஸ்போர்ட்டும் அவன் சான்றிதழும் நேரடியாகப் பொருந்திவிடும். பழைய பேரிலேயே போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், மாமியாரின் பாஸ்போர்ட் எந்த மாதம் முடிகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. அதையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.